ஏஜெண்டுக்குச் சைக்கிள் வழி சொல்லிக்கொடுக்கப் போய்

ஏஐ ஏஜெண்டுகள், அதாவது நாம் கேட்டதை வேறு மென்பொருள் கருவிகளை இயக்கி முடித்துத் தரும் நிரல்கள், படிப்பதற்காக ஒரு கருவியின் ஆவணத்தை எழுதித் தரும் வேலை இப்போது ஃப்ரீலான்ஸ் ஆட்களைத் தேடி வர ஆரம்பித்திருக்கிறது. எனக்கும் ஒன்று வந்தது. சைக்கிளில் போகிறவர்களுக்கு வழி போட்டுத் தரும் கருவி. சோதனைப் பகுதி எங்கள் காவிரி டெல்டா. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஆவணியில் தொடங்கிய வேலை, பொங்கல் கழிந்துதான் ஓய்ந்தது. பேசிய தொகையில் நல்ல பகுதி கையைவிட்டுப் போனது. இதை முன்பே செய்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் பாதித் தலைவலி மிச்சம். கேட்டுப் பார்த்தேன், யாரும் இல்லை. அதனால் பணக் கணக்கையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். அடுத்து இந்த வேலையை எடுப்பவருக்கு உதவட்டும்.

நான் பாபநாசம் பக்கம் இருக்கிறேன். சென்னையில் மென்பொருள் நிறுவனங்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவள். வேலை கொடுத்தது ஒரு சின்ன நிறுவனம், பெயர் வேண்டாம். வழியைக் கணக்கிட பிரௌட்டர் என்ற திறமூல எஞ்சின், வரைபடத்துக்குப் பொதுமக்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், இவற்றின் மேல் அவர்கள் கட்டிய ஒரு மெல்லிய அடுக்கு, இவ்வளவுதான் கருவி. கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கி, நவக்கிரகக் கோயில்களைச் சைக்கிளில் சுற்ற வருகிறவர்களைக் குறி வைத்திருந்தார்கள். பயணி தன் போனில் ஏஜெண்டிடம் கேட்பார். ஏஜெண்ட் இந்தக் கருவியை அழைத்து வழி வாங்கித் தரும். எம்சிபி என்ற நெறிமுறையை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட பிறகு இப்படிக் கருவிகளை இணைப்பது சுலபமாகிவிட்டது. அந்த முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற ஒரு வரையறை இருக்கும். ஏஜெண்டுக்குத் தெரிவது அந்த மூன்றும்தான். உள்ளே நிரல் எப்படி ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. அந்த விளக்கத்தையும் வரையறையையும் எழுதுவதுதான் என் வேலை.

தொகை 60,000 ரூபாய். பாதி முன்பணம். மீதி, 'ஏஜெண்ட் சோதனையில் தேறிய பிறகு'. இந்தக் கடைசி நான்கு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். முன்பணத்தில் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்துக்கொண்டு 27,000 வந்தது. அதில் குறையில்லை. பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முதல் வரைவை அவர்கள் தந்த மாதிரியின்படியே எழுதினேன். மனிதர்கள் படிக்கும் கையேடு போல முன்னுரை, அம்சங்கள், உள்ளீட்டு அட்டவணை. அவர்களுக்கும் பிடித்திருந்தது. அப்புறம் ஏஜெண்டிடம் கொடுத்து, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு வழி கேட்டோம். 'வழி கிடைக்கவில்லை' என்று பிழை வந்தது. மேப்பில் புள்ளியைப் போட்டுப் பார்த்தால் தஞ்சாவூர் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரையோரம் பனிக்கடலில் இருக்கிறது! பிரௌட்டர் தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை அடுத்தும் கேட்கும். நாம் பேச்சில் சொல்வதும், போன் மேப்பில் நகலெடுப்பதும் நேர்மாறு. தஞ்சாவூர் 10.78 வடக்கு, 79.13 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் துருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பிரௌட்டர் உலகத்தை ஐந்து பாகைக் கட்டங்களாகப் பிரித்துக் கோப்பு வைத்திருக்கிறது. டெல்டா முழுக்க கிழக்கு 75, வடக்கு 10 என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஏஜெண்ட் தேடியது கிழக்கு 10, வடக்கு 75. அந்தக் கோப்பு எங்கள் சர்வரில் எதற்கு இருக்கப்போகிறது?

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பிழைக்குப் பிறகு ஏஜெண்ட் செய்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கருவி கைவிட்டதும் பயனரிடம் அதைச் சொல்லவே இல்லை. தன் பொது அறிவிலிருந்து ஒரு வழியை அழகாக எழுதிக் கொடுத்துவிட்டது: இன்ன இடத்தில் இடதுபுறம் திரும்பவும், இத்தனை கிலோமீட்டர், நடுவில் டீக்கடை. கருவி தந்த பதில் போலவே இருந்தது. நம் பக்கத்தில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் கையை நீட்டி ஏதாவது ஒரு திசையைக் காட்டுகிற ஆள் இருப்பார் இல்லையா, அவரேதான். அவர் சொல்லிப் போனால் அடுத்த முக்கில் இன்னொருவரைக் கேட்டுத் திருத்திக்கொள்வோம். இங்கே பயணி போனை மட்டும் நம்பிக் கிளம்பிவிடுவார்.

எனவே முதலில் எழுத வேண்டியது கருவி தோற்கும்போது என்ன செய்வது என்பதை. நான் மாற்றி எழுதியது ஏறக்குறைய இப்படி: 'முதல் எண் தீர்க்கரேகை, இரண்டாவது அட்சரேகை. உதாரணம், கும்பகோணம் 79.38, 10.96. இந்தப் பகுதியில் முதல் எண் எப்போதும் 78-க்கும் 80-க்கும் இடையில் இருக்கும். வழி கிடைக்கவில்லை என்று வந்தால் அதைப் பயனரிடம் அப்படியே சொல். சொந்தமாக வழி எழுதாதே.' அவர்களுடைய டெவலப்பர் தம்பியிடம் சொல்லிப் பிழைச் செய்தியையும் மாற்ற வைத்தேன். 'வழி கிடைக்கவில்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், 'எண்கள் இடம் மாறியிருக்கலாம், மாற்றி ஒருமுறை மட்டும் முயல்' என்று வர வேண்டும். பிழைச் செய்தி வருகிற அந்த நொடியில் ஏஜெண்ட் கவனமாகப் படிப்பது அதைத்தான். நீங்கள் எழுதிய நீண்ட விளக்கத்தைவிட அங்கே ஒரு வரி அதிகம் வேலை செய்யும். ஒப்பந்தத்தில் 'ஆவணம்' என்று மட்டும் போட்டிருந்தால் பிழைச் செய்தி உங்கள் கைக்கு வராது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊர்ப் பெயர். குரு தலமான ஆலங்குடி வலங்கைமான் பக்கம், கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு ஆலங்குடி உண்டு. அது தாலுகா தலைமையிடம், பெரிய ஊர். ஏஜெண்ட் எதைப் பிடித்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். கோயிலுக்குக் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப நினைக்கிறவரை மாவட்டம் தாண்டி அனுப்பியது. வழி சரி, தூரம் சரி, கணக்கு சரி. ஊர்தான் வேறு. மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒன்று என்பது அதற்குத் தெரிந்திருந்தது. கூகுளில் கிடக்கிற விஷயம். சின்ன ஊர்கள் விஷயத்தில்தான் சறுக்கியது. திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் இருப்பதால், 'தமிழ்நாடு' என்று வடிகட்டிய தேடலில் அது காணாமலே போனது. ஒன்பது கோயிலில் சனி பகவானை மட்டும் விட்டுவிட்டு ஒரு திட்டம் வந்தது. எங்கள் அம்மாவிடம் காட்டியிருந்தால் போனைத் தூக்கி எறிந்திருப்பார்.

இதற்கு நான் கண்ட வழி, ஊர்ப் பெயரை நேராக வழி போடும் கருவிக்குள் அனுப்ப விடாமல் தனிக் கருவியாகப் பிரிப்பது. பெயரைக் கொடுத்தால் பொருந்தும் ஊர்கள் எல்லாவற்றையும் மாவட்டத்தோடு தரும். ஒன்றுக்கு மேல் வந்தால் பயனரிடம் கேட்ட பிறகே மேலே போக வேண்டும் என்று விளக்கத்தில் கண்டிப்பாக எழுதினேன். அப்படி எழுதியும் சில சமயம் கேட்காமல் தானே தேர்ந்தெடுத்தது. கடைசியில் டெவலப்பர், உறுதிப்படுத்தாத ஊரை வழிக் கருவி ஏற்றுக்கொள்ளாதபடி பூட்டியே விட்டார். விளக்கத்தில் கெஞ்சுவதைவிட வரையறையில் தடுப்பது மேல். எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்.

இதற்கிடையே ஒரு கூத்து. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் வழியில் 'மிதமான மலையேற்றம் உண்டு, தகுந்த கியர் பயன்படுத்தவும்' என்று ஏஜெண்ட் எச்சரித்தது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து இறக்கம் சுமார் அறுபது மீட்டர். மேடு என்றால் எங்களுக்கு ரயில்வே மேம்பாலம்தான். பிரௌட்டர் பயன்படுத்தும் உயரத் தரவு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. அது தரையை மட்டும் அளக்காது, தோப்பின் தலையையும் சேர்த்து அளக்கும். தென்னந்தோப்பு, வயல், மூங்கில் கொல்லை, வயல் என்று மாறி மாறி வரும்போது ஒவ்வொரு புள்ளியின் ஏற்ற இறக்கத்தையும் கூட்டினால் மலை வந்துவிடும். பிரௌட்டரே இந்தச் சில்லறை ஏற்றங்களை வடிகட்டி ஒரு எண் தருகிறது. வடிகட்டாமல் கூட்டிய இன்னொரு எண்ணை நிறுவனத்தின் அடுக்கு தனியாகத் தந்தது. ஏஜெண்ட் இரண்டாவதை எடுத்திருந்தது. எது எந்த எண், எந்த அலகு, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியதும் மலை மறைந்தது. நேரம் நொடியில் வருகிறது, தூரம் மீட்டரில் வருகிறது என்பதையும் அப்போதே எழுதிவிட்டேன்.

எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் அது காற்றுதான். ஆடியில் தஞ்சாவூரைப் பார்த்து மேற்கே மிதித்துப் பார்த்தால் தெரியும். கருவிக்குக் காற்று தெரியாது, வெயிலும் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கும் மார்கழி விடிகாலைக்கும் ஒரே நேரக் கணக்கைத் தரும். 'நேரக் கணக்கில் காற்றும் வெயிலும் சேர்க்கப்படவில்லை; பயணம் எந்த மாதம், எந்த நேரம் என்று கேட்டுப் பயனரை எச்சரி' என்று சேர்த்தேன். கருவியின் குறையை விளக்கத்தில் போடுவதா என்று நிறுவனத்தில் ஒருவர் முகம் சுளித்தார். விற்பனை வாசகம் வேறு, இது வேறு என்று புரிய வைக்க ஒரு முழு மாலை ஆனது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டெல்டாவில் சைக்கிளுக்கு நல்ல வழி எது? வரைபடத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது: ஆற்றங்கரை. காவிரி, குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை, கரை மேல் ஒரு பாதை. லாரி கிடையாது, பஸ் கிடையாது. சைக்கிள் எஞ்சினுக்கு இதைவிட என்ன வேண்டும்? 'டிரெக்கிங்' முறையில் கேட்டால் ஆசையாகக் கரை மேல் ஏற்றிவிடும். 'ஃபாஸ்ட்பைக்' முறையில் கேட்டால் தஞ்சாவூர்–கும்பகோணம் மெயின் ரோட்டில், தனியார் பஸ்களுக்கு நடுவில் கொண்டுபோய் விடும். பயனர் 'சீக்கிரம் போகணும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏஜெண்ட் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும். இந்தத் தேர்வைப் பற்றி எழுத வேண்டுமானால் உட்கார்ந்த இடத்தில் முடியாது என்று தோன்றியது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, கியர் இல்லாத என் பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கருவி சொன்ன வழியில் பாபநாசத்திலிருந்து குடமுருட்டிக் கரையோடு வலங்கைமான் போகக் கிளம்பினேன்.

கிளம்பும்போது எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, இந்தக் கரையிலேயே போனா வலங்கைமான் போயிரலாமா?"

"எப்ப, இப்பவா? ஆத்துல தண்ணி ஓடுதும்மா. கரையெல்லாம் மண்ணு கொட்டி வச்சிருக்கான். மாசியில போ, ஜம்முனு போவலாம்."

அவர் சொன்னதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தேடினால் 'தார் போடாத பாதை' என்ற ஒரு குறிப்புதான் இருக்கும். அதுகூட எல்லா இடத்திலும் இருக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். அந்த மாதங்களில் கரை ஒரு மாதிரி, மற்ற மாதங்களில் வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கரையில் இருப்பது களிமண். கொஞ்ச தூரம் போவதற்குள் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும், பத்தடி போய் மறுபடியும் நோண்ட வேண்டும். நான் போன அன்று முந்தின இரவு ஒரு மழை பெய்திருந்தது. ஒரு ஷட்டர் பாலத்துக்கு அப்பால் சைக்கிளைத் தள்ளவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் நின்றேன். செருப்பு ஒரு பக்கம் சேற்றோடு போய்விட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருந்தது. போனில் அந்த நீலக்கோடு எதுவும் நடக்காதது போல நேராக ஓடிக்கொண்டிருந்தது. 'எளிதான வழி' என்று மேலே எழுதியிருந்தது. அந்த 'எளிதான' என்ற சொல்லை விளக்கத்தில் நான் சேர்க்கவில்லை. ஏஜெண்டே தூரத்தையும் ஏற்றத்தையும் பார்த்து முடிவு கட்டியிருந்தது.

வயலில் மருந்தடித்துவிட்டு வந்த ஒரு பெரியவர்தான் சைக்கிளை ஒரு பக்கம் பிடித்து மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "இங்க பொழுதுசாஞ்சு பொம்பளப் புள்ள தனியா வரலாமாம்மா? எவன் சொன்னான் ஒனக்கு இந்த வழிய?" என்று கேட்டார். போன் சொன்னது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கும்பகோணத்தில் மறுநாள் சைக்கிள் ஓவராயிலிங்குக்கும் செருப்புக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆனது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன் பிறகு விளக்கத்தின் அமைப்பையே மாற்றினேன். கருவிக்கு எது தெரியும், எது தெரியாது, தெரியாததை யாரிடம் கேட்பது என்று மூன்று பகுதி. தெரியாதவை பட்டியல் நீண்டுகொண்டே போனது: ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, மழைக்குப் பின் கரை எப்படி, தரைப்பாலம் முழுகியிருக்கிறதா, வாய்க்கால் மேல் காட்டும் பாலம் சிமெண்டா இல்லை இரண்டு பனைமரத்தைப் போட்டு வைத்ததா, இருட்டில் விளக்கு உண்டா, வழியில் ஆள் நடமாட்டம் உண்டா. கொள்ளிடத்தில் கோடையில் மணலில் இறங்கி நடந்து அக்கரை போகிற தடத்தை யாரோ பாதையாக வரைந்து வைத்திருந்தார்கள். கருவி அதை வருடம் முழுவதும் வழியாகக் காட்டியது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணைக்கரை கீழணையைக் கடந்து போகலாமே என்றால், அது சில கிலோமீட்டர் சுற்று என்று ஒதுக்கிவிட்டது. தண்ணீர் வந்த கொள்ளிடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சில கிலோமீட்டர் என்ன விலை என்று. பிரௌட்டரில் ஒரு புள்ளியையும் சுற்றளவையும் கொடுத்து அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லும் வசதி உண்டு. அந்த மணல் தடங்களுக்கு அதைப் பயன்படுத்தி, ஜூன் முதல் ஜனவரி வரை தானாகவே தவிர்க்கும்படி டெவலப்பர் செய்துகொடுத்தார்.

வெறுமனே 'தெரியாது' என்று எழுதி நிறுத்தினால் ஏஜெண்ட் இன்னொரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதையும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை, எந்த வழியும் சொல்லத் தயக்கம். பயணிக்கு அதுவும் உபயோகமில்லை. எனவே ஒவ்வொரு தெரியாததற்கும் பக்கத்தில் ஒரு செயல் எழுதினேன். தார் போடாத பாதை மொத்த வழியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வந்தால், தார்ச்சாலை வழி ஒன்றையும் சேர்த்துக் கொடு. இரண்டின் தூர வித்தியாசத்தைச் சொல். மழைமாதம் என்றால் தார்ச்சாலையை முதலில் சொல். பொழுது சாயும் நேரத்துக்குள் முடியாத பயணம் என்றால் கரை வழியைத் தராதே. 'எளிது', 'பாதுகாப்பானது' என்ற சொற்களைப் பயன்படுத்தாதே. கடைசி வரி எழுதும்போது எனக்குள் கொஞ்சம் கோபம் இருந்தது, அதனால் என்ன.

இனி பணம். ஏஜெண்டை ஓட்டிப் பார்க்காமல் ஏஜெண்டுக்கு எழுத முடியாது. ஒவ்வொரு வரி மாற்றத்துக்கும் அதே கேள்விகளை மறுபடி ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு மாடலுக்கு, அதாவது ஏஜெண்டின் மூளையாக இருக்கும் ஏஐக்கு, பணம். நிறுவனம் தந்த கணக்கில் மாத வரம்பு சீக்கிரமே தீர்ந்தது. 'இப்போதைக்கு உங்கள் கார்டில் போடுங்கள் மேடம், பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். மெயிலில் வாங்கி வைத்தேன். தொகை ஏறியதற்கு ஒரு காரணம் கருவியின் பதில். நீண்ட வழி என்றால் ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண். அத்தனையும் ஒவ்வொரு முறையும் மாடலுக்குள் போனது. அதில் ஒன்றைக்கூட அது பயன்படுத்தவில்லை. போதாக்குறைக்குத் தமிழில் கேட்ட கேள்விகள் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் கட்டணம் கணக்கிடும் எழுத்துத் துண்டு) பிடித்தன. கருவி சுருக்கத்தை மட்டும் தரட்டும், முழுப் புள்ளிகளை ஜிபிஎக்ஸ் என்ற வழித்தடக் கோப்பாகத் தனியே வைத்து ஒரு அடையாள எண்ணைக் கொடுக்கட்டும் என்று மாற்றிய பிறகு செலவு சட்டென்று இறங்கியது. அதற்குள் டாலர், வங்கி மாற்றுக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து என் கார்டில் 14,000 ரூபாய்க்கு மேல் ஏறியிருந்தது. பதிலின் அளவை முதல் வாரமே பாருங்கள். எழுதுகிறவர் வேலை இல்லை அது என்று யாராவது சொன்னால், பில்லை அவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு இடி, ஊர் தேடும் பொதுச் சேவை எங்களைத் தடுத்தது. இலவசச் சேவை, நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்று விதி. ஏஜெண்ட் ஒரு சின்ன ஊர் கிடைக்கவில்லை என்றதும் எழுத்தை மாற்றி மாற்றி, ஆங்கிலத்தில் ஒரு 'h'-ஐக் கூட்டிக் குறைத்து, மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. தடுத்தது நியாயம்தான். எத்தனை முறை முயலலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது விளக்கத்திலும் இருக்க வேண்டும், நிரலிலும் இருக்க வேண்டும்.

'ஏஜெண்ட் சோதனையில் தேறிய பிறகு' என்றேனே, அது இங்கேதான் கடித்தது. கார்த்திகை வாக்கில் எல்லாக் கேள்விகளும் தேறின. பில் அனுப்பலாம் என்று நிம்மதியாக இருந்தபோது, நிறுவனம் செலவைக் குறைக்க வேறு மாடலுக்கு மாறியது. சின்ன மாடல். நேற்று வரை ஊரை உறுதிப்படுத்திக் கேட்ட ஏஜெண்ட் இன்று கேட்கவில்லை. நீண்ட விளக்கத்தில் பாதிக்குப் பிறகு இருந்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. ஆவணத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் 'தேறவில்லை, எனவே மீதி இல்லை' என்றார்கள். அந்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் அந்த முப்பதாயிரத்தை நம்பி இருந்தன. சண்டை போட ஒப்பந்தத்தில் பிடி எதுவும் இல்லை: எந்த மாடல், எந்தக் கேள்விகள், எத்தனை தேறினால் போதும், ஒன்றும் எழுதப்படவில்லை. வேறு வழியில்லாமல் சின்ன மாடலுக்காக மறுபடி எழுதினேன். கண்டிப்பான விதிகளை முதல் சில வரிகளுக்குள் கொண்டுவந்தேன். ஒரு பெரிய கருவியை மூன்று சின்னக் கருவிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் விளக்கம் கொடுத்தேன். உள்ளீட்டு வரையறையிலேயே உதாரணங்களைப் போட்டேன். அந்த வடிவம் பெரிய மாடலுக்கும் நன்றாக வேலை செய்தது என்பது வேறு விஷயம்.

மீதித் தொகை தை பிறந்து பல நாள் கழித்து வந்தது, தாமதத்துக்கு என்று 10,000 கழித்துக்கொண்டு. மாடல் செலவில் பாதியை மட்டும் தந்தார்கள். மெயில் கையில் இருந்ததால் அந்தப் பாதியாவது வந்தது. கூட்டிக் கழித்தால், சென்னையில் ஒரு மாதச் சம்பளமாக வாங்கியதைவிடக் குறைவு, ஐந்து மாத வேலைக்கு.

இப்போது யாராவது இதே மாதிரி வேலைக்குக் கூப்பிட்டால் எழுதத் தொடங்கும் முன் கேள்விகளைத் தயார் செய்கிறேன்; அந்தக் கேள்விகளே ஒப்பந்தத்தின் இணைப்பு. எல்லாம் ஆட்கள் கேட்கிற மாதிரி இருக்கும்: அறுபது வயது அப்பா, கியர் இல்லாத சைக்கிள், திங்களூரில் கிளம்பி இருட்டுவதற்குள் கும்பகோணம் வர வேண்டும், மழை தூறுகிறது. மாடலின் பெயரும் பதிப்பும் எழுதப்பட வேண்டும். நிறுவனம் அதை மாற்றினால் மறுசோதனைக்குத் தனித் தொகை. ஓட்டும் செலவு அவர்கள் கணக்கில், வரம்பு தீர்ந்தால் வேலை நிற்கும். பிழைச் செய்தியும் பதிலின் வடிவமும் என் எல்லைக்குள். ஒரு முறையாவது அந்த வழியில் நேரில் போய்வர நாளும் செலவும் தனி வரியாக. இந்தக் கடைசி வரியைப் பார்த்து ஒருவர் பின்வாங்கினார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கருவி இப்போதும் ஓடுகிறது. போன வாரம் டெவலப்பர் தம்பி போன் செய்தார். சம்பா அறுவடை நேரம், திருவாரூர் பக்கம் ஒரு பயணியை ஏஜெண்ட் நல்ல தார்ச்சாலையில் அனுப்பியிருக்கிறது, ரோட்டின் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்களாம். அதன் மேல் சைக்கிளை விட்டு, நெல்லுக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். "மேடம், நெல்லு காயுறதுக்கு மேப்ல ஏதாவது டேக் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தை, மாசி என்று மாதத்தைப் போட்டு ஒரு வரி எழுதித் தருகிறேன், ஆனால் அதற்குத் தனியாகப் பில் வரும் என்றும் சொன்னேன். முதலாளியைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.